அப்பா கொடுத்த சாம்பிள்

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவரை நலம் விசாரிக்கப் போனேன். போய், நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். விஷயத்தைக் கேட்டால் நீங்களும் திட்டுவீர்கள்!

பெயர் சேகர் என்று வைத்துக்கொள்வோம். அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறை. பைப்பில் ஊசிமுனை அளவு லீக் இருந்தாலும் விடமாட்டார். டெஸ்ட் போடாமல் சரக்கு வெளியே போகாது. தொழிலில் அவ்வளவு கெட்டி.

அவர் மகள் எட்டாவது படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலினைத் தானே போட்டுக்கொள்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வருஷம் ஒருமுறை யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். கிட்னி வழியாக ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கத்தான். கால் வீக்கம், முக வீக்கம் எல்லாம் முற்றிய பிறகு வருவது. ஆரம்பத்தில் வலி கிலி ஒன்றும் இருக்காது. அப்போதே பிடித்தால்தான் கிட்னியைக் காப்பாற்றுவது சுலபம்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? மகள் பெயர் எழுதிய பாட்டிலில்... தன்னுடையதைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்!

"ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன்.

"பொம்பளப் புள்ள சார். கிட்னில ஏதோ இருக்குன்னு ஃபைல்ல ஏறிட்டா, நாளைக்கு எவன் கட்டிக்குவான்? நமக்குத்தான் ஒரு வியாதியும் கிடையாதே, நார்மல்னு வந்துரும்னு நெனச்சேன்..."

அடடா, என்ன பொறுப்பான அப்பா! பெற்ற பெண்ணின் கிட்னி எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. என்றைக்கோ வரப்போகிற, யாரென்றே தெரியாத ஒரு மாப்பிள்ளை முகம் சுளிக்கக் கூடாது!

ரிப்போர்ட் வந்தது — ஆல்புமின் அதிகம்.

டாக்டர் பதறி, 'பெண்ணுக்கு உடனே மறுபடி டெஸ்ட் எடுங்க' என்றதும் ஐயாவுக்கு வியர்த்துவிட்டது. உண்மையைக் கக்கினார். அன்றிலிருந்து அவருக்கு பி.பி., சுகர், ஸ்கேன் என்று வீடே அல்லோலகல்லோலம். உறவுக்காரர்கள் பழப்பையோடு வந்து அவரைத்தான் விசாரிக்கிறார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஒரு பைப்புக்கு டெஸ்ட் போட்டுட்டு, இன்னொரு பைப் நல்லாருக்குன்னு சீட்டு குடுப்பீங்களா?" என்றேன்.

பக்கத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில் சாப்பிட உட்கார்ந்த மகள், ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"அப்பா... என்னோடத எப்பப்பா டெஸ்ட்டுக்குக் குடுக்கப் போறோம்?"

அந்த வீட்டில் அதைக் கேட்கவும் அவள்தான் இருக்கிறாள்!