தொப்பி நிற்காத தலை

செவ்வாய்க்கிழமை காலை, பீன்யாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் முதலுதவி அறையில், விரலைக் கீறிக்கொண்டு வந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மேசைமேல் போன் அடித்தது. என்னோடு நர்சிங் படித்த பிலோமினாவின் பெயர் தெரிந்தது. கட்டு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். நின்றது, மறுபடி அடித்தது. எடுத்தபோது பிலோமினா அழவில்லை. அழுது முடித்த குரலாக இருந்தது. "குணா போயிட்டாடி," என்றாள்.

முந்தின நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு. அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுபோய், அவள் பொறுப்பிலிருந்த ஆபரேஷன் தியேட்டரிலேயே அறுவை செய்திருக்கிறார்கள். பிழைக்கவில்லை. இன்னும் நாற்பதைக்கூடத் தொடாதவள்.

குணசுந்தரியை, இதைப் படிக்கும் நர்சுகளே, உங்களில் பலர் தியேட்டர் இன்சார்ஜாகத்தான் அறிவீர்கள். நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள் என்று அவளிடம் பயிற்சிக்கு வந்த மாணவிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் பேட்சைச் சேர்ந்தவர்களுக்கு அவள் வேறு ஒருத்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நர்சிங் பள்ளியில் சேர்ந்தோம். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுடையது. ஸ்ரீராம்புரத்துப் பெண். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. முதல் நாளே என் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கல்யாணத்துக்கு வந்தா மாதிரி இவ்ளோ துணி? இங்க எல்லாருக்கும் ஒரே வெள்ளதான்," என்று சிரித்தாள்.

அந்த வெள்ளை எங்களைப் பாடாய்ப் படுத்தியது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளை கவுன், வெள்ளைக் காலுறை, வெள்ளை ஷூ. தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டு, வலை மாட்டி, அதன்மேல் கஞ்சி போட்டு விறைத்த தொப்பியை ஊசிகளால் குத்த வேண்டும். வளையல், பூ, மை, நகப்பூச்சு எதுவும் கூடாது. வார்டுக்குப் போகுமுன் விடுதி வராந்தாவில் வரிசையாக நிற்போம். எங்கள் ஆசிரியை சரோஜம்மா மேடம் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே வருவார். மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். ஒரு நூல் தொங்கினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஒருநாள் குணாவின் காலுறையில் ஓட்டை. மாற்றுவதற்கு வேறு ஜோடி இல்லை. ஷூவுக்குப் போடும் வெள்ளை பாலிஷை எடுத்து, ஓட்டை வழியாகத் தெரிந்த தோலில் அப்பிக்கொண்டாள். மேடம் கவனிக்கவில்லை. வார்டில் படுத்திருந்த ஒரு தாத்தாதான் கவனித்தார். "காலுல இன்னாம்மா சுண்ணாம்பு?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிச்சாங்க தாத்தா, நான் குறுக்கால போயிட்டேன்," என்றாள் குணா. அறுவைத் தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று அவர் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் அவள் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளப் பல நாள் விடுப்பு எடுத்ததில், தேர்வு எழுதத் தேவையான வருகைக் கணக்கு விளிம்புக்கு வந்துவிட்டது. அம்மாவோ மருந்தும் சாப்பிடவில்லை, கஞ்சியும் குடிக்கவில்லை. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தால் அவள் முடியைத் திருப்பதிக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். சீட் கிடைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் கொடுக்கவில்லை; அதனால்தான் இந்த நோய் என்று பிடிவாதமாகப் படுத்திருந்தார்.

"உன் முடிய உங்கம்மா எப்படி வேண்டிக்கலாம்?" என்று நான் கோபப்பட்டேன்.

"அத நானும் கேட்டேன். சீட்டு உனக்குத்தான கெடச்சுதுன்னு சொல்லுது," என்றாள் குணா. பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "காமாலைக்கு ரெஸ்ட்தான்டி மருந்து. மனசு ரெஸ்ட் எடுக்காம ஒடம்பு எப்படி எடுக்கும்? போய்ட்டு வந்துடறேன்."

போய்விட்டு வந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு விடுதி வாசலில் வந்து நின்றவளைக் காவலாளிக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மா அன்றைக்கே கஞ்சி குடித்துவிட்டார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தொப்பி ஞாபகம் வந்தது.

அறையில் எல்லோரும் சேர்ந்து என்னென்னவோ செய்து பார்த்தோம். ஊசி குத்த முடியில்லை. ரப்பர் பேண்டு போட்டால் தொப்பி மேலே எகிறியது. கடைசியில் பிலோமினா, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைக் கத்தரித்து நான்கு பக்கமும் ஒட்டினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வராந்தாவில் மேடம் எதிரில் வந்ததும் குணா தலை குனிந்து, "குட் மார்னிங் மேடம்," என்றாள். வியர்வையில் பிளாஸ்டர் விட்டு, தொப்பி நழுவி மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. நாங்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

"ஏனம்மா இது?" என்றார் மேடம், என்னம்மா இது என்பதைக் கன்னடத்தில். கன்னடத்தில் அதிகம் பேச ஆரம்பித்தால் கோபம் என்று அர்த்தம்.

குணா நடந்ததைச் சொன்னாள்.

"தேவருக்கு, சாமிக்குக் கொடுத்தே, சரி. நான் தப்பு சொல்லல்ல. ஆனா வார்டுல ரோகி கண்ணத் தொறந்து பாக்கறான். யாரக் கூப்புடணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தொப்பியப் பாத்துத்தான் சிஸ்டர்னு கூப்புடறான். தொப்பி இல்லாம வார்டுக்கு அனுப்ப மாட்டேன். ரஜா போட்டுட்டு வீட்டுக்குப் போ. முடி வளந்த மேல வா."

விடுப்பில் போனால் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும். அந்த வீட்டில் ஒரு வருடம் போனால் படிப்பே போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குணா அழுவாள் என்று நினைத்தேன். "மேடம், முடி மாசத்துக்கு அரை இன்ச்சுதான் வளரும்னு நீங்கதான் கிளாஸ்ல சொன்னீங்க. கொண்டை போடற அளவுக்கு வளர்றதுக்குள்ள இவங்க எல்லாரும் பாஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க," என்றாள். மேடம் அடுத்தவளின் நகத்தைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் வார்டுக்குப் போனோம். அவள் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மேடம் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மதியம் அந்த வழியாக வந்த என்னையும் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மேடம் காபிக்கு வெளியே வந்தபோது எழுந்து நின்றாள்.

"மேடம், தொப்பி இல்லாம வேலை செய்யற எடம் ஒண்ணு இருக்கு."

"எது?"

"ஆபரேஷன் தியேட்டர். அங்க டாக்டர், சிஸ்டர் எல்லாருக்கும் துணிக் குல்லாதான். உள்ள முடி இருக்குதா இல்லையான்னு யாரும் பாக்கப் போறதில்ல. ரோகியும் மயக்கத்துல இருப்பாரு."

மேடம் சுவரில் ஒட்டியிருந்த டூட்டிப் பட்டியலைப் பார்த்தார். அடுத்த வாரம் தியேட்டருக்குப் போக வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. குணாவுக்கு ஆண்கள் வார்டு. "நீ மாத்திக்கறியா?" என்று மேடம் என்னைக் கேட்டார். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு அப்போது கண் இருட்டிக்கொண்டு வரும். அவர் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டினேன். பிற்காலத்தில் பேட்ச் ஒன்றுகூடும்போதெல்லாம் குணா இதை எடுப்பாள். "எனக்காக இவ தியேட்டர தியாகம் பண்ணிட்டாளாம். கத்தியப் பாத்தாலே மயங்கி விழறவ," என்பாள்.

அந்த வாரத் தொடக்கத்தில் சரோஜம்மா மேடம் தன் கையாலேயே ஓரம் அடித்த வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். அதை அவள் தலையில் கட்டி, தியேட்டர் வாசல்வரை கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். வழியில் யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று எங்களுக்குப் புரிந்தது.

தியேட்டர் சிஸ்டர் இவளைக் காட்டி மற்ற மாணவிகளைத் திட்டினாராம்: "பாருங்க இவள, ஒரு முடி வெளிய தெரியுதா?" குணா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அங்கே போன சில நாட்களில் அவள் பேச்சு மாறியது. எந்தக் கருவி எதற்கு அடுத்து வரும், எந்த டாக்டர் கேட்காமலே கை நீட்டுவார் என்று சாப்பாட்டு மேசையில் விளக்க ஆரம்பித்தாள். தொப்பி ஊசி நிற்கும் அளவுக்கு முடி வளரும்வரை மேடம் அவளைத் தியேட்டரிலேயே விட்டிருந்தார். படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும்போது எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள். தியேட்டர் என்றாள். கடைசிவரை அங்கேதான் இருந்தாள். மகள் தியேட்டரில் வேலை பார்க்கிறாள் என்று அவள் அம்மா தெருவெல்லாம் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் இப்போது என்ன படம் ஓடுகிறது, டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டாராம்.

இன்சார்ஜ் ஆனபின் அவளுடைய கண்டிப்பு மாணவிகளிடையே பேர்போனது. மற்றவர்கள் கண்டிக்கும் விஷயங்களை அவள் கண்டுகொள்ள மாட்டாள். பொட்டு சிறியதா பெரியதா, காதில் என்ன போட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு ஒன்றுமில்லை. நகமும் மோதிரமும் என்றால் விடமாட்டாள். "உங்க அழகோட எனக்கு ஒண்ணும் சண்ட இல்ல. நகத்துக்கு அடியில இருக்கறதோடதான் சண்ட," என்பது அவள் வாசகம்.

கலைவாணி என்றொரு மாணவி. ஹெப்பகோடியிலிருந்து வருவாள். கல்யாணமாகி, வேலையும் பார்த்து, மேற்படிப்புக்கு வந்தவள். தியேட்டர் பயிற்சியின் நடுவில் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்து நின்றாள். பிரசவம்வரை கழற்றக் கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறார். கழற்று, இல்லாவிட்டால் பயிற்சி கிடையாது என்று கூட வந்த ஆசிரியை சொல்ல, கலைவாணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எதுக்கு அழுவற? முழங்கை வரைக்கும் கழுவ முடியாத கையோட டேபிள்கிட்ட நிக்க முடியாது. அது உனக்கும் தெரியும்," என்றாள் குணா. பிறகு ஆசிரியையிடம் திரும்பினாள். "மேடம், உள்ள வர்றதுக்கு முன்னாடி ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கினு பயந்துக்கினு இருக்காங்களே, அவங்களப் பாத்துக்க எனக்கு ஆள் இல்ல. இவள அங்க போடறேன். அதுவும் பயிற்சிதான். கொழந்த பொறந்தப்புறம் உள்ள வந்து மிச்சத்த முடிக்கட்டும்." ஆசிரியை தயங்கினார். "சட்டத்த நான் தொடல மேடம். ஆள எங்க நிறுத்தறதுன்றதுதான் நம்ம வேல," என்றாள். கலைவாணி பயிற்சியை முடித்தாள். பின்னால் அதே தியேட்டரில் வேலைக்கும் சேர்ந்தாள்.

என் மகள் பிறந்ததும் அங்கேதான். வலி எடுத்து நேரமாகியும் பிறக்காமல், அவசரமாக அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. பச்சை உடையில், கண் மட்டும் தெரிய ஒரு உருவம் என்மேல் குனிந்தது. முகக்கவசத்தைக் கீழே இறக்கியது. குணா.

"என் பேரு குணசுந்தரி. உள்ள உன்கூட இருக்கப்போறது நான்தான்," என்றாள்.

"என்னடி நாடகம் இது? உன்ன எனக்குத் தெரியாதா?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வலியில இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா பாத்துக்க. உள்ள போனா எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம். கண்ணப் பாத்து பயந்துடாத, கொரலப் புடிச்சுக்க."

யார் வந்தாலும் அவள் அப்படித்தான் செய்வாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மந்திரிக்குச் சொந்தக்காரர் வந்தாலும், கட்டடத்திலிருந்து விழுந்த கூலியாள் வந்தாலும், வாசலில் ஒரு தரம் முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி மூடிக்கொள்வாள்.

ஸ்ரீராம்புரத்து வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோது, கூட்டத்தில் கலைவாணி என்னைத் தேடி வந்தாள். அறுவையின்போது உடனிருந்தது அவள்தான்.

"வாசல்ல ட்ராலி மாத்தற நேரத்துல மாஸ்க்க எறக்கினேன்க்கா. 'மேடம், நான் கலைவாணி. உள்ள உங்ககூட நான்தான் இருக்கப்போறேன்'னு சொன்னேன். கண்ணே தொறக்கல. கேட்டிருக்குமா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குணாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். எங்கள் தொழிற்சாலையில் அடிபட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஊர்க்காரர்கள். சிலருக்கு என் மொழிகூடத் தெரியாது. காயத்தைத் தொடுவதற்கு முன் அவர்கள் எதிரில் நின்று, முகத்தைப் பார்க்க விட்டு, என் பெயரைச் சொல்கிறேன். இன்று காலை, கையில் சூடு பட்டு வந்த ஒரு பெண்ணிடமும் சொன்னேன். நடுங்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள்.