வலப்பக்கம் ஏறிய வண்டி

பச்சியப்பன் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆனால் பாலக்கோடு தக்காளி மண்டியில் அவர் பிக்கப் வந்து நின்றால் நகர்ந்து இடம் கொடுக்காத டிரைவர் கிடையாது. இருபது வயதில் லாரிக்கு கிளீனராக ஏறி, கிரீஸோடு சோறு தின்று, இன்று சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறார். யார் கொடுத்தது? எவனும் கொடுக்கவில்லை. அதை அவர் சொல்லாத டீக்கடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. சொல்லட்டுமே, பாடுபட்டவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அவருக்கு ரத்தம் கொதிக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது ரயில்வே கேட்தான். கேட் மூடியதும் நம் ஆட்கள் செய்கிற வேலை இருக்கிறதே! இடப்பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கும். பின்னால் வருகிறவன் வலப்பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பான். மாமனார் சீதனமாகக் கொடுத்த ரோடு மாதிரி அதில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பான். அவன் பின்னால் பத்துப் பேர். எதிர்ப்பக்கமும் இதே கூத்து. கேட் திறந்தால் எல்லாம் தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கும்.

அன்று காலை ஏலத்துக்கு இரண்டு வண்டித் தக்காளி போனது. முன்னால் பச்சியப்பன். பின்னால் அவர் மகன் கலைவாணன். பையனுக்கு அரசு பஸ் டிரைவர் வேலை, தேர்வெல்லாம் முடிந்து ஆர்டர் வருவதுதான் பாக்கி. இந்த நேரத்தில் அவன்மேல் ஒரு கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு.

கேட் மூடியிருந்தது. பச்சியப்பன் வரிசையில் முதல் ஆளாக நின்றார். பின்னால் நின்ற கலைவாணன் வண்டியை வலது பக்கம் ஒடித்து, அவரையே தாண்டிப் போய் கேட்டை ஒட்டி நிறுத்தினான்.

"டேய்! பின்னால போடா!"

"ஏலம் போயிரும்ப்பா. நீங்க மெதுவா வாங்க. நான் பெட்டிய எறக்கிட்டு டீ சொல்லி வெக்கிறேன்."

அவனைப் பார்த்து இன்னும் ஏழெட்டு வண்டி வலப்பக்கம் வந்து அடைத்தது.

ரயில் போனது, கேட் உயர்ந்தது. கலைவாணன் பாய்ந்தான். எதிரே தன் பக்கத்தில் ஒழுங்காக வந்த கரும்பு டிராக்டர் தண்டவாளத்தின் மேலேயே அவனை மறித்து நின்றது. டிரெய்லர் நிறையக் கரும்பு, அதைப் பின்னால் தள்ள முடியாது. இடப்பக்கம் ஒதுங்கலாம் என்றால், எதிர்ப்பக்கத்து அவசரக்காரர்கள் அங்கே அடைத்து நின்றார்கள். கலைவாணன் பின்னால் வரவும் வழியில்லை, அவனைப் பார்த்து வந்தவர்கள் ஒட்டி நின்றார்கள்.

பச்சியப்பன் மட்டும் நகரவில்லை.

"யோவ் பெருசு, வண்டி ஓட்டறியா, வாடகைக்கு எடம் புடிச்சிருக்கியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"அந்தாண்ட எடம் இருந்தாத்தான்டா தண்டவாளத்துல ஏறுவேன்! ஒனக்கு லைசென்ஸ் குடுத்தவனக் கூட்டிக்கிட்டு வா!"

கேட் அறையில் மணி அடித்தது. கேட்டில் வேலை பார்க்கும் மலர்விழி சிவப்புக் கொடியோடு ஓடி வந்தாள். "அடுத்த வண்டி வருதுங்க! எடுங்க, எடுங்க!"

கேட் மூடாததால் சிக்னல் சிவப்பிலேயே இருந்தது. நல்லவேளை. பாசஞ்சர் ரயில் தூரத்தில் சிக்னலுக்கு முன்னால் வந்து நின்று ஓயாமல் ஊதியது. பெட்டி பெட்டியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

பச்சியப்பன் இறங்கினார். கடைசி வண்டியிலிருந்து ஆரம்பித்தார். பானெட்டில் அறைந்து, பரம்பரையையே இழுத்துத் திட்டி, ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் தள்ள வைத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியாக அவர் மகன் வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கியது, டிராக்டரும் தாண்டிப் போனது. கேட் மூடி, ரயில் போனது.

அதற்குள் ரயில்வே போலீஸ் ஏட்டு வந்துவிட்டார். யாரால் ரயில் நின்றது என்று கேட்டார். அவ்வளவுதான், எல்லா வாயும் மலர்விழி பக்கம் திரும்பியது.

"இந்தம்மா பாக்காம கேட்டத் தூக்கிடுச்சு சார்."

"ஆமாங்க சார், நாங்க என்ன பண்றது?" இது கலைவாணன் குரல்.

மலர்விழி ஏட்டின் முன்னால் வந்தாள். "ரயில் போனா தொறந்துதானங்க ஆவணும்... என் வேலயக் கெடுத்துடாதீங்க."

பச்சியப்பனுக்கு மண்டைக்குள் என்னவோ வெடித்தது. செய்ததுமில்லாமல் பழியை அடுத்தவள் தலையில் போடுகிறானே!

"அந்தப் பொண்ணுமேல ஒரு தப்பும் இல்லீங்க. வலப்பக்கம் மொதல்ல ஏறுனது இந்த வண்டி. ஓட்டுனது எம்பையன். எழுதிக்குங்க, நான் சாட்சி."

கலைவாணன் அவர் கையைப் பிடித்தான். "அப்பா, ஆர்டர் வர்ற நேரம்ப்பா!"

"தெரிஞ்சுதான்டா சொல்றேன். தக்காளி ஏத்திக்கிட்டே இந்த ஆட்டம் ஆடற. நாளைக்கு அம்பது சனத்த ஏத்திக்கிட்டு வந்து எங்க நிறுத்துவ? இதே தண்டவாளத்துலதான?"

"உங்க புள்ளதான நானு?"

"அதனாலதான்டா வயிறு எரியுது! ஏட்டய்யா, எழுதுங்க. பேரு கலைவாணன். அப்பன் பேரு பச்சியப்பன்."

ஏட்டு ஒருமுறை இருவரையும் பார்த்துவிட்டு எழுதினார். கலைவாணன் வண்டிச் சாவியை பானெட்டின் மேல் விட்டெறிந்துவிட்டு, தாறுமாறாக நின்ற வண்டிகளுக்கு நடுவே நடந்தான்.

"போடா, போ! சோத்துக்கு வூட்டுக்குத்தான வரணும், அப்ப பேசிக்கிறேன்!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இன்னும் பலமாகக் கத்தினார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.