மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாண ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்று தடை சொன்ன ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. இந்தச் சாதனையைப் பல வருஷம் நான் வெட்கமே இல்லாமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஓலை என்றால் பனையோலை அல்ல. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் ஐயர் அறிவிப்பார். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அறிவித்து முடித்ததும், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். யாரும் வாய் திறந்தது கிடையாது. ஆண்கள் பக்கம் நாலு பேர் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள், பெண்கள் முக்காட்டைச் சரி செய்துகொள்வார்கள், ஆராதனை மேலே போகும்.

நான் தடை சொன்னது என் சித்தியின் கல்யாணத்துக்கு.

நயா பைசா புதிதாக வந்து, கடைக்காரர்கள் அதையும் அணாவையும் வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுக்கு ரயிலில் கார்டு உத்தியோகம். போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. அம்மாவின் தங்கையான சித்தி, தாய் தகப்பன் இல்லாததால் சிறு வயதிலிருந்தே எங்களோடுதான் இருந்தாள். கோயமுத்தூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் படிக்க வைத்தது அப்பாதான். அப்பா எதிரே வந்தால் சித்தி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள்.

காலையில் பாசஞ்சர் ரயிலில் ஒரு கையில் தூக்குப்போசியும் இன்னொரு கையில் புத்தகப் பையுமாகப் போவாள். பொருளாதார நோட்டின் ஓரங்களில் பாட்டுக்கு ஸ்வரம் எழுதியிருக்கும். ரயில் ஓடுகிற தாளத்துக்கு மெட்டு வருகிறதாம். ஒரு தடவை அப்படி மெட்டு வந்த மும்முரத்தில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டேஷன் வரை போய்விட்டுக் கல்லூரிக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனாள். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாட்டுப் பழக்கம். பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. ரயில்வே ஷெட்டில் வேலை செய்யும் பெரிய பெரிய ஆள்கள், நகக் கண்ணில் கரியோடு வந்து, இருபது வயதுப் பெண் முன்னால் கைகட்டி நின்று தாழ்ந்த குரல் பாடுவார்கள். தப்பாகப் பாடினால் சித்தி திட்டமாட்டாள். “அண்ணா, நல்லா இருந்துச்சுங்க, இன்னொருக்காப் பாடிப் பாக்கலாமுங்களா?” என்பாள். எட்டாவது முறையும் இதையே சொல்வாள். ஒன்பதாவது முறை அவர்களே வெட்கப்பட்டுச் சரியாகப் பாடிவிடுவார்கள்.

கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலத்துப் பெட்டி. எங்களைப் போன்ற குழந்தைகள் அதன் பக்கத்தில் போகவே கூடாது. சித்தி உட்கார்ந்தால் சேலை தரை வரை விழுந்து காலை மூடிக்கொள்ளும், பாட்டு அவள் விரலிலிருந்து மட்டும் வருவதாகவே தெரியும். பாட்டு ஆரம்பிக்குமுன் ஒரே ஒரு கட்டையை மெதுவாக அழுத்துவாள். அது சபையில் யார் காதிலும் விழாது. பாடுகிறவர்கள் காதில் மட்டும் விழும். அவ்வளவுதான், அத்தனை பேரும் சரியான சுருதியில் எடுத்துவிடுவார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள், நாங்களாகவேதான் எடுத்தோம் என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சித்தி சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். மாட்டுத்தொழுவத்துக்கு வழி கேட்டுப் போகும் ஒரு சிறுமியின் பாட்டு. முதல் சரணத்தை ஒரு பெண்குழந்தை தனியாகப் பாட வேண்டும். அந்தக் குழந்தை நான். இரண்டு மாதமாக எனக்குப் பயிற்சி நடந்தது. எழுந்து நின்றால் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது, கடைசித் தூணைப் பார்க்க வேண்டும். வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது. கட்டைச் சத்தம் கேட்டதும் யோசிக்காமல் எழ வேண்டும், யோசித்தால் பயம் வந்துவிடும். வீட்டில் ஆர்மோனியம் இல்லாததால் சித்தி அந்தச் சத்தத்தை வாயாலேயே முனகுவாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முனகுவாள், நான் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பேன்.

இந்தச் சமயத்தில்தான் வால்பாறையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தேயிலை எஸ்டேட்டில் உத்தியோகம். நல்ல குடும்பம், அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்த வாரங்களில் எங்கள் சபையில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் நவம்பர் கடைசிக்குள் முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, அப்பா தலையாட்டிவிட்டார். மலைக்குப் போய்விட்டால் மார்ச் மாதப் பரீட்சையை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு நாள் காலை அப்பா தொப்பியும் கொடிப்பெட்டியுமாகப் படியிறங்கும்போது, “மாமா, பரீட்சைக்கு இன்னும் நாலு மாசந்தானுங்க இருக்குது” என்று சித்தி சொன்னதை நான் கேட்டேன். “படிச்ச வரைக்கும் போதும் அம்மணி, நல்ல எடம், விட்டா கெடைக்காது” என்று சொல்லிக்கொண்டே அப்பா போய்விட்டார்.

எனக்குப் பரீட்சையைப் பற்றி என்ன கவலை? என் கவலை சரணத்தைப் பற்றியது. சித்தி போனால் பாட்டு, ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் கைக்குப் போகும். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பாடினால் கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் அடக்க ஆராதனைப் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதைவிடக் கொடுமை, அவருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். வருஷம் முழுக்கச் சளி பிடித்த மூக்கு. என் சரணம் அந்த மூக்கு வழியாக வருவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

முதல் ஓலை வாசித்தார்கள். மறுநாள் சித்தி எனக்குத் தலை பின்னும்போது, ஐயர் ஏதோ தடை என்றாரே, அது என்ன என்று கேட்டேன். வழக்கமாக நான் எதைக் கேட்டாலும் “பொறவு சொல்றேன் கண்ணு” என்பவள், அன்றைக்குச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னாள்.

“ஆரு வேணாலும் சொல்லலாமா சித்தி?”

“சொல்லலாம். ஜெபப் பொஸ்தகத்துல வயசு ஒண்ணும் போடலியே கண்ணு. ஆனாக் காரணம் நெசமானதா இருக்கோணும்.”

பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு எனக்கு ரொம்ப இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

என் காரணம் நிஜமானதுதானே? அந்த வாரமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இது என் சொந்த யோசனை என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டாம் ஞாயிறு வந்தது. ஐயர் கேட்டார், நிறுத்தினார். குதிகாலைத் தரையிலிருந்து எடுத்தேன், அதற்குமேல் உடம்பு வரவில்லை. அதற்குள் ஐயர் அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த சித்தி தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

மூன்றாம் ஞாயிறு. அதுதான் கடைசி ஓலை. ஐயர் சித்தியின் முழுப் பெயரையும் மாப்பிள்ளையின் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். கோயில் அமைதியாக இருந்தது. அப்போது ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மெல்ல முனகியது. என் சுருதி. அவ்வளவுதான், நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கடைசித் தூணைப் பார்த்தேன். “தடை இருக்குதுங்க” என்றேன், கடைசி எழுத்தை விழுங்காமல்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன தடை கண்ணு?” என்று கேட்டார்.

“சித்தி போயிட்டாக் கிறிஸ்துமஸ் பாட்டு பாழாப் போயிருமுங்க” என்றேன். ஒரு காரணம் போதாதோ என்று பயம் வந்தது. கையில் வேறு எதுவும் இல்லாததால், “மார்ச்சுல சித்திக்குப் பரீட்சை வேற இருக்குதுங்க” என்று சேர்த்துக்கொண்டேன்.

கோயில் முழுக்கச் சிரிப்பு. உபதேசியாரும் சிரித்தார், பாவம், காரணம் அவர்தான் என்று தெரியாமல். ஆண்கள் பக்கம் அப்பாவின் காது மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சித்தி தலையை ஆர்மோனியத்தின்மேல் கவிழ்த்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழ வைத்துவிட்டோமே என்று அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. பதிவுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விசாரித்து முடிவு சொல்லப்படும் என்றார்.

ஆர்மோனியச் சத்தத்தைக் கேட்ட இரண்டொருவர் எலியாக இருக்கும் என்றார்கள். அந்தப் பெட்டிக்குள் எலி இருந்தது உண்மை.

வீட்டில் அன்று மத்தியானம் கோழிக் குழம்பு. “சபை நடுவுல மானத்த வாங்கிப்போட்டியேடி” என்று அம்மா சாதம் வைக்கும்போதெல்லாம் ஒருமுறை சொன்னாள். சித்தி தன் தட்டிலிருந்த ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தாள். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் தின்றுவிட்டேன்.

நாலு மணிக்கு ஐயர் சைக்கிளில் வந்தார். “சின்னப்புள்ளைங்க, வெவரமில்லாமப் பேசிப்போட்டா, மனசுல வெச்சுக்காதீங்க” என்று அப்பா ஆரம்பித்தார். ஐயர் காப்பியை வாங்கிக்கொண்டு, கதவோரம் நின்ற சித்தியைப் பார்த்தார்.

“பரீட்சைய முடிக்கோணும்னு ஆசை இருக்குதா அம்மணி?”

சித்தி அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “இருக்குதுங்க” என்றாள். நாற்பது பேருக்குச் சுருதி கொடுக்கிறவளுக்கு, இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

அப்பா சித்தி பக்கம் திரும்பினார். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அம்மணி” என்றார்.

“சொன்னனுங்க மாமா. நீங்க டூட்டிக்குக் கெளம்பற அவசரத்துல இருந்தீங்க.”

அப்பா கோபக்காரர், ஆனால் கல் நெஞ்சக்காரர் அல்ல. அவர் முகம் விழுந்துவிட்டது. மற்றதை ஐயர் பார்த்துக்கொண்டார். தடை வந்தபிறகு அந்த ஓலை செல்லாது, முதலிலிருந்து மூன்று வாரம் வாசிக்க வேண்டும் என்றார். அதற்குள் ஆயத்த நாட்கள் வந்துவிடும், பிறகு கிறிஸ்துமஸ், ஜனவரி முழுக்க அவருக்குக் கிராம சபைகளில் சுற்றுப்பயணம், அந்த வருஷம் லெந்து என்கிற தவக்காலமும் சீக்கிரம், லெந்து நாட்களில் கல்யாணமே கிடையாது. விரலை மடக்கி மடக்கி ஈஸ்டருக்குப் பிற்பாடு வந்து நின்றார். அப்பா அன்றைக்கே உட்கார்ந்து வால்பாறைக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளில் மாப்பிள்ளை பதில் போட்டார். பங்களா ஓடு ஒழுகுகிறது, மராமத்து முடிய ஏப்ரல் ஆகும், அதுவரை பெண் படித்து முடிக்கட்டும், எங்களுக்கும் சௌகரியம் என்று. பார்க்காமலே எனக்கு அந்தச் சித்தப்பாவைப் பிடித்துப்போனது.

கிறிஸ்துமஸன்று நான் சரணம் பாடினேன். மூன்றாம் அடியில் ஒரு எழுத்தை விழுங்கியது சித்திக்கு மட்டும் தெரியும். மார்ச்சில் சித்தி பரீட்சை எழுதினாள். ஈஸ்டர் முடிந்து, யாரும் தடை சொல்லாத மூன்று ஓலைக்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டு மலைக்குப் போனாள். ரிசல்ட் வந்தபோது அப்பா ஸ்டேஷனில் டிரைவர்களையெல்லாம் நிறுத்தி, எங்கள் வீட்டில் ஒரு பி.ஏ. என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

என்னால்தான் எல்லாம் நடந்தது என்று எட்டு வருஷம் எனக்கு ஒரே மிதப்பு. என் சரணத்தைக் காப்பாற்றப் போய் சித்தியின் படிப்பையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

பதினாறு வயதில் அந்த ஆர்மோனியத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்லி முதன்முதலாக என்னை அதன்முன் உட்கார வைத்தார்கள். வேறு எதுவும் தெரியாததால் என் சுருதிக் கட்டையைத் தேடி அழுத்தினேன். சத்தமே இல்லை. எலி ஏறி ஓடினாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் கிடந்திருக்கும். பக்கத்தில் நின்ற உபதேசியார், “மொதல்ல மிதிக்கோணும் கண்ணு, உள்ள காத்து ரொம்பட்டும்” என்றார். மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது மிதிக்குத்தான் கட்டை முனகியது.

விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் ஓலையில் ஐயர் சித்தியின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தபோதே, சேலைக்கு அடியில் சித்தியின் கால்கள் மிதித்துக்கொண்டிருந்திருக்கின்றன.