மீன்காரி விழுங்கிய பாசி மாத்திரை

என் அத்தை ஃப்ளோரன்ஸ் ராயபுரத்தில் மீன் விற்பவள். அவளைக் கேட்டால், விற்பதில்லை, மனசில்லாமல் விட்டுக்கொடுக்கிறேன் என்பாள். அவளுடைய தொழில் இரகசியமே அதுதான்.

விடிந்ததும் காசிமேட்டு ஏலத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். சர்ச்சுக்குப் போகும் சந்தின் முனையில் பலகையைப் போட்டுச் சங்கராவையும் கிழங்கானையும் பரப்புவாள். வாடிக்கை வருவதற்கு முன்னால், இருப்பதிலேயே நல்லதாக ஒரு மீனை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி முழங்காலுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். முழுக்க மறைக்க மாட்டாள். வால் மட்டும் வெளியே தெரியும்.

முதலில் மலர்க்கொடிதான் வருவாள். ரயில்வேயில் வேலை, எப்போதும் அவசரம்.

"ஃப்ளோரன்ஸ்க்கா, பின்னால இன்னா அது?"

"அது எங்க வூட்டுக்கு எடுத்து வெச்சது. நீ இத்தைப் பாரு, செவுளு எப்பிடி செவந்து கீது."

"உங்க வூட்டுக்கு மட்டும் நல்லதா? எங்களுக்குக் கலீஜா?"

"அடிப் பாவி, ஜெரி வந்து வஞ்சிரம் எங்கன்னு கேப்பான்டி."

ஜெரி அவளுடைய ஒரே மகன், விசைப்படகில் போகிறவன். கடலில் இருக்கிற பையன் வீட்டுக்கு வந்து மீன் கேட்பான் என்பதை மலர்க்கொடி ஒருநாளும் சந்தேகித்ததில்லை. கெஞ்சி, கோபித்து, கடைசியில் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு வெற்றி வீரரைப் போல ரயிலைப் பிடிக்க ஓடுவாள். அவள் தலை மறைந்ததும் சாக்குக்குள் அடுத்த மீன் போகும்.

ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. மீன் மெய்யாகவே நல்ல மீன். வீடு மட்டும்தான் பொய். ஏனென்றால் அத்தை வீட்டில் யாரும் அந்த மீனைத் தின்பதில்லை. ஜெரி படகிலேயே தின்றுவிட்டு வருவான். மாமா ஆண்ட்ரூ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கருவாடு இருந்தால் போதும் என்பவர். அத்தையோ சில வருடங்களாக மீனை வாயில் வைப்பதே இல்லை.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம். காரணம் ஒரு நேர்த்திக்கடன்.

ஒருநாள் மதியம் திரும்ப வேண்டிய ஜெரியின் படகு சாயங்காலம்வரை வரவில்லை. எண்ணூருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அத்தை சர்ச்சு வாசலில் குகை போலக் கட்டிய மாதா கெபிக்கு ஓடினாள். மொட்டை போடுகிறேன் என்று வேண்டலாம். ஆனால் அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டலாம். முழங்கால் ஒத்துழைக்காது. நேரமோ போய்க்கொண்டிருந்தது. "மாதாவே, என் புள்ள கரை ஏறினா இனிமே சாவுற வரைக்கும் மீனைத் தொட மாட்டேன்" என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியில் பிழைப்பு ஞாபகம் வந்தது. "வாயால தொட மாட்டேன்" என்று அங்கேயே திருத்தினாள். முழங்காலில் நின்றபடியே நிபந்தனையைத் திருத்திக்கொள்ளும் புத்தி அவளுக்குத்தான் வரும்.

ஜெரியை வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. நல்ல பசியோடு வந்து இறங்கினான். அன்றோடு அத்தைக்கு மீன் போயிற்று. வெளியே சொல்ல வழியில்லை. மீன்காரியே மீன் தின்பதில்லை என்று தெரிந்தால், "இன்னாத்தையோ பார்த்துட்டுத்தான் வுட்டுட்டா" என்று சந்து முழுக்கப் பேசும். அப்புறம் யார் அவளிடம் வாங்குவார்கள்? எதிரில் சொக்கம்மாள் வேறு பலகை போட்டிருந்தாள். திருவொற்றியூரிலிருந்து வருகிறவள், நல்ல வாய்.

நான் பல ஊர் சுற்றிவிட்டு, எங்கும் கால் தரிக்காமல் திரும்பி வந்த சமயம் அத்தை மெலிந்திருக்கவில்லை, பயந்திருந்தாள். வருடக்கணக்காக வாடிக்கைகளிடம், "மீனு துன்னாத்தான் புள்ளைக்கு மூளை வேலை செய்யும், துன்னாதவனுக்கு மறதி வரும்" என்று சொல்லிச் சொல்லி, அதை உலகத்திலேயே முழுதாக நம்பிய ஒரே ஆள் அவள்தான். ஒருநாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கத்தியைத் தேடினாள். அன்றைக்கு முடிவு செய்துவிட்டாள், தன் மூளை காய்ந்துகொண்டு வருகிறது என்று.

"ரேச்சலு, நீ போன ஊருல எல்லாம் மீனு துன்னாத ஜனங்க இல்ல? அதுங்க எப்பிடி புத்தியோட கீதுங்க?"

சிலர் ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுகிறார்கள், சிலர் அக்ரூட் சாப்பிடுகிறார்கள், கடல் பாசியிலிருந்து எடுத்த எண்ணெயை மாத்திரையாகவும் விழுங்குகிறார்கள் என்றேன். மூளைக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா என்கிற கொழுப்பை மீன் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாசியிலிருந்து சின்ன உயிர்களுக்கும், அதுகளிலிருந்து மீனுக்கும் போகிறது.

அத்தை தராசைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப மீனு வெறும் புரோக்கர்தானா?"

"அப்படித்தான் அத்தை."

"இத்தினி வருசம் புரோக்கருக்கா நான் தராசு புடிச்சேன்?"

ஆனாலும் அவள் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. பாசி, மாதாவின் கணக்கில் மீனாகுமா ஆகாதா என்று ஒரு வாரம் யோசித்தாள். மருந்துக்கடை கலீலுல்லா பாய், மாத்திரைப் பெட்டியின் பச்சைப் புள்ளியைக் காட்டி, "சைவம்க்கா, மாத்திரையோட கவரே சைவம்" என்று சத்தியம் செய்த பிறகுதான் சமாதானமானாள். டாக்டரையும் கேட்டோம். தாராளமாகச் சாப்பிடலாம், அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அந்த இரண்டாவது பாதி அத்தையின் காதில் ஏறவில்லை.

மாத்திரையால் ஞாபகசக்தி கூடியதா என்று என்னால் சொல்ல முடியாது. கத்தியை இப்போதும் தேடுகிறாள். பயம் மட்டும் மறந்துபோயிற்று.

சாப்பாட்டோடு விழுங்க வேண்டும் என்பதால் மாத்திரைப் பெட்டி அவளோடு சந்துக்கே வந்தது. சில்லறை போடும் மஞ்சள் பையில் கிடக்கும். இட்லி தின்றதும் சர்ச்சுப் பக்கம் திரும்பி, ஜெபம் பண்ணுகிற மாதிரி ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நல்ல கூட்டம். மலர்க்கொடிக்குச் சில்லறை எடுக்க அத்தை பையைக் கவிழ்த்தாள். காசோடு பெட்டியும் உருண்டு எதிர்ப்பலகை அடியில் போய் நின்றது. சொக்கம்மாள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, சக்கரை மாத்திரையா? மலரு, நீ படிச்சவதான, இன்னா போட்டுகீது பாரு."

மலர்க்கொடி படித்தாள். "பாசி எண்ணெயாம். மீன் சாப்பிடாதவங்களுக்கு உகந்ததாம்."

சொக்கம்மாள் எழுந்தே விட்டாள்.

"மீனு துன்னாதவங்களுக்கா? அக்கா, நீ துன்றதில்லையா?"

"துன்றனே. நேத்துகூட..."

"டபாய்க்காத. நேத்து உன் வூட்டு மீனை மலரு எடுத்துகினு போச்சு, முந்தா நாளும் அதுதான். அப்ப நீ இன்னாத்த துன்ன?" பக்கத்து வறுவல் கடையிலிருந்து சூடாக ஒரு சங்கராத் துண்டை இலையில் வாங்கி வந்து அத்தையின் முன்னால் நீட்டினாள். "இந்தா. இத்தைத் துன்னு. நான் நம்புறேன்."

நான் அத்தைக்குப் பின்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. ஜெரி அன்று கடலில் இருந்தான். துண்டைத் தின்றால் தொழில் தப்பும், நேர்த்தி போகும். தின்னாவிட்டால் இத்தனை வருட வாடிக்கை எதிர்ப்பலகைக்கு நடந்துவிடும். அத்தை இலையை வாங்கினாள். துண்டை மூக்குவரை கொண்டுபோனாள். மிளகாய், எலுமிச்சை வாசனை எனக்கே எட்டியது.

இலையை மெதுவாகப் பலகையில் வைத்தாள்.

"ஆமா. நான் துன்றதில்ல. என் புள்ளைக்காக மாதாகிட்ட வேண்டிகினேன். அதுக்கு இன்னா இப்ப?"

"பார்த்தீங்களா" என்று சொக்கம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். "இத்தினி நாளா உங்களை ஏமாத்திகினு கீது. வூடாம், வூட்டு மீனாம்."

மலர்க்கொடியின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப எனக்கு வெச்சு வெச்சு வித்தியா? ஜெரி கேப்பான்னு சொன்னியேக்கா, அவன் மீனைப் புடுங்கிட்டனேன்னு எத்தினி நாளு ராத்திரி முழுக்கச் சங்கடப்பட்டிருக்கேன்."

அத்தை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. விலை பேச ஆரம்பிக்கும்போது வருகிற முகம்.

"ஏன்டி மலரு, மீனு துன்ற மீன்காரி நல்ல மீனை இன்னா பண்ணுவா?"

"வூட்டுக்கு எடுத்துகினு போவா."

"துன்னாதவ?"

மலர்க்கொடி சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். யோசிப்பது தெரிந்தது.

"எனக்கு நாக்கு ஆசை கெடையாது. வந்த மீனுல நல்லதுன்னா அது உங்களுக்குத்தான் வந்துகினு கீது. இந்தச் சந்துல வேற எந்தப் பலகையில அந்த மாதிரி?" சொல்லிவிட்டு எதிரே பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். சொக்கம்மாளின் பலகைக்குப் பின்னால் ஒரு தூக்குப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வவ்வால் மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. அது உண்மையாகவே வீட்டுக்குப் போகிற மீன்.

"அய்ய, அது எம் பொண்ணுக்கு, கர்ப்பமா கீறா" என்றாள் சொக்கம்மாள். யாரும் கேட்கவில்லை.

மலர்க்கொடிதான் முதலில் குனிந்தாள். "சாக்குல இன்னாக்கா கீது?"

"கொடுவா. வெலை இன்னிக்கு கொஞ்சம் கூட."

"ஏன் கூட?"

"இத்தினி நாளு பொய் சொல்லி வித்தேன். இப்ப மெய்யச் சொல்லிட்டு விக்கிறேன்ல."

மலர்க்கொடி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே வாங்கினாள்.

மறு வாரத்திலிருந்து சந்தில் புது வழக்கம் வந்தது. மீன் தின்னாத மீன்காரியிடம் வாங்கினால்தான் நல்ல மீன் என்று புது வண்ணாரப்பேட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். சிலர் மாத்திரையைப் பற்றியும் விசாரித்தார்கள். "டாக்டரைக் கேட்டுக்கோ, நான் மீனுக்குத்தான் கேரண்டி" என்று அனுப்பிவிடுவாள். சொக்கம்மாள் சில நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு காலையில் நாங்கள் போனபோது அவளும் பலகைமேல், தராசுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மாத்திரைப் பெட்டியை நிறுத்தியிருந்தாள்.

"நானும் வுட்டுட்டேன்" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாசனையே புடிக்கல. மாத்திரைதான்."

பெட்டியின்மேல் நீல அலைக்கு நடுவில் கொழுத்த மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. நான் சிரிப்பை அடக்க ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டேன். தெருமுனையில் மலர்க்கொடி வருவது தெரிந்தது.

அத்தை வியாபார நேரத்தில் பலகையை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்தாள். சந்தைக் கடந்து போய், மீன் பார்க்கிற மாதிரி குனிந்தாள்.

"சொக்கு, அந்தப் பெட்டியை உள்ள வையி. மீனெண்ணெய் அது."

"இன்னாக்கா சொல்ற? ஒமேகா குடுன்னு கேட்டேன், பாய் குடுத்தாரு."

"பச்சைப் புள்ளின்னு சொல்லிக் கேக்கணும்டி. மலரு வந்துகினு கீறா, சீக்கிரம்."

சொக்கம்மாள் பெட்டியை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். அதற்குள் வந்துவிட்ட மலர்க்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா ரெண்டு பேரும் ரகசியம்?"

"தொழில் பேச்சு" என்றாள் சொக்கம்மாள், அத்தை வாயைத் திறப்பதற்கு முன்னால்.