என் பெயர் போட்ட பாலித்தீன் பை

1998 சித்திரையில் ஒருநாள், பத்தமடைப் பக்கத்து வாழை விவசாயி கொம்பையா என் ஆபீசுக்கு வந்து மேசைமேல் பதினோரு தாம்பூலப் பைகளைப் போட்டார். எல்லாம் பாலித்தீன். மண் ஒட்டியிருந்தும் எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது: ‘வைத்தியலிங்கம் – பிரம்மநாயகி இல்லத் திருமணம்’.

“இது ஒம்ம பேருதான அண்ணாச்சி?”

இல்லை என்று சொல்ல வழியில்லை. பெயருக்குக் கீழே ‘சுகாதார மேற்பார்வையாளர்’ என்றும் போட்டிருந்தேன்.

அந்த வேலையில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஊர்க் குப்பையை மக்கவைத்து வயலுக்கு விற்கும் உரக்கிடங்கு இருபத்திரண்டு வருடமாக என் பொறுப்பு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பாலித்தீன் மக்காது என்று தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். அதே வாயால்தான் மூத்தவள் விஜயஸ்ரீ கல்யாணத்துக்கு, மஞ்சள் துணிப்பை பழைய மோஸ்தர் என்று சொல்லி ஆயிரம் பாலித்தீன் பை அச்சடிக்கக் கொடுத்தேன். வந்தவர்கள் தேங்காயை எடுத்துக்கொண்டு பையை எறிந்தார்கள். என் ஆட்கள் அதை ஒன்றுவிடாமல் அள்ளி என் கிடங்குக்கே கொண்டுவந்தார்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது.

முன்பெல்லாம் உரத்துக்கு மாட்டுவண்டிகள் வரிசையில் நிற்கும். குப்பையில் பாலித்தீன் கூடக்கூட ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மிஞ்சியவர் கொம்பையா ஒருத்தர்தான். அவரும் போய்விட்டால் கிடங்கு வெறும் குப்பைமேடு, நான் அதற்குக் காவல்காரன். 

“தண்ணி பாய்ச்சுனா கீழ எறங்க மாட்டேங்கு. ஒரு தடவ வந்து பாருமே,” என்றார்.

மறுநாள் காலை அவர் தோட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஜவுளிக்கடை, அல்வாக்கடை, மருந்துக்கடை என்று ஊரே அங்கே கிடந்தது. வீட்டுப் பேரோடு கிடந்தது நான் ஒருத்தன்தான். வெயில் ஏறும்வரை பொறுக்கினேன். இடுப்பு விட்டுப்போனது. பொறுக்கிய இடத்தைக் காலால் கிளறினால் இன்னும் இரண்டு வந்தது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உரம் எடுக்கத மட்டும் நிறுத்திராதேயும் வே,” என்று கெஞ்சினேன்.

கொம்பையா கோபப்படவில்லை. ஒரு செம்பு மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்:

“எளையவளுக்கு எப்பம் கலியாணம்?”

“இப்பதான் மாப்ள பாக்கோம். ஏன் கேக்கீரு?”

“முடிவானா ஒரு வார்த்த சொல்லி அனுப்பும் அண்ணாச்சி. அந்த வருசம் மட்டும் எனக்கு உரம் வேண்டாம்.”