நைனா கட்டிய ஒயர்கள்

கிடாரின் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை நானே செய்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டியவர், இடுப்பெலும்பு முறிந்து திருத்தணியில் என் வீட்டில் படுத்திருந்தார். பெடலை மூடுவதற்கு முன் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஒயருங்க இப்டி கலஞ்சி கெடக்குது?" என்று வாங்கி, எல்லா ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துத் தறி நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழைத் திருப்பினாலே பெடல் கீச்சென்று கத்தியது. ஐசியை மாற்றினேன். அடாப்டரை விட்டு பேட்டரி போட்டேன். சனியன் அடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"இன்னும் கத்திகினு கீதா?"

"ஆங் நைனா."

உள்ளே அவ்வளவு ஒழுங்காக இருந்தது அந்தக் கட்டு ஒன்றுதான். அதனால் அதைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

அவருடைய பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மறுபடி திறந்தேன். கிடாரிலிருந்து வரும் ஒயரும் ஆம்ப்புக்குப் போகும் ஒயரும் அந்தக் கட்டுக்குள் ஒட்டிக் கிடந்தன. வெளியே போகிற சத்தம் பக்கத்து ஒயரில் ஏறி மறுபடி உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது.

பிளேடால் நூலை அறுத்து, இரண்டையும் விலக்கி வைத்தேன். கெயினை முழுதாகத் திருப்பினேன். சின்னக் கீச்சு கூட இல்லை.

"நின்னுபோச்சி நைனா!" என்று உள்ளறைக்குக் கேட்கும்படி கத்திவிட்டேன்.