மீனாச்சி சொன்ன முதல்

பள்ளிக்கூட வாசலில் மீனாச்சியின் அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "மீனாச்சி தாக் அடா லாகி, சிக்கு" என்றார் மலாயில். மீனாச்சி இனி இல்லை, வாத்தியாரே. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. எனக்கு அழுகைக்கு முன்பே கோபம் வந்துவிட்டது.

மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் மீனாச்சியை அறியாதவர் இல்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழிவந்த மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் பூசை உண்டு, பொங்கல் உண்டு. பேச்சு மட்டும் மலாய். வணிகக் கல்லூரியில் படித்துக்கொண்டே புகைப்படம் எடுக்கப் பழகினார். பெண்கள் கூச்சமில்லாமல் வந்து உட்கார ஒரு ஸ்டூடியோ வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருடம் எங்கள் ஊர்த் தமிழ் வியாபாரிகள் சங்கம் ஓர் உதவித்தொகை அறிவித்தது. அப்போது கல்லூரிப் படி ஏறிய நம் பிள்ளைகளே அபூர்வம். 'கல்லூரியில் படிக்கும் நம்மவர் சொந்தத் தொழில் தொடங்க' என்று போட்டிருந்தார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை. மீனாச்சி நேர்காணலுக்கு வந்தார். தேர்வுக் குழுவில் பள்ளி வாத்தியார் என்ற முறையில் நானும் இருந்தேன், எல்லோரிலும் இளையவனாக.

"சரிம்மா, பணம் குடுத்தா முதல்ல என்ன செய்வ?" என்றார் தலைவர்.

மீனாச்சிக்குப் பிடிபட்டது 'முதல்' ஒன்றுதான். மலாயில் அது 'மோடல்'. தொழிலில் போடும் முதலைத்தான் அப்படிச் சொல்வார்கள். "மோடல் தாக் அடா, துவான்" என்றார். முதல் இல்லை, ஐயா. அதனால்தானே வந்தேன் என்றும் மலாயிலேயே சொன்னார்.

அறையே சிரித்தது. "கேட்டது ஒன்னு, சொல்றது ஒன்னு. தமிழே வரல, இவங்க எப்படிங்க நம்மாளு?" என்றார் தலைவர்.

"அவங்க சொன்னதும் நம்ம சொல்லுதாங்க!" என்று நான் குதித்தேன்.

"வாத்தியாரே, உக்காருங்க" என்றார்கள். ஆதரவாகத் தூக்கிய கை என்னுடையது மட்டும்தான். வெளியே வந்ததும் மீனாச்சிதான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஜாங்கான் மாரா, சிக்கு." கோபப்படாதீர்களாம்!

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் வேறொருவர் ஸ்டூடியோவில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சுதந்திரம் வந்த சமயம் புதுச்சேலை கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக அவரைத் தேடி வந்தார்கள். தலைவர் வீட்டம்மா வேறு யார் எடுத்தாலும் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தார். படத்தை வாங்கத் தலைவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். படத்தைப் பார்த்து அசந்துபோனவர், சொந்தமாகக் கடை போடலாமே என்று மலாயில் கேட்டார். மீனாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மோடல் தாக் அடா, துவான்."

தலைவரின் முகம் சுண்டிப்போனது. நேர்காணலில் தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற விதியை அன்றைக்காவது மாற்றியிருக்கலாம். அதற்கும் வருடக்கணக்கில் இழுத்தார்கள்.

போன மாதம்தான் மாற்றினார்கள். இனி எந்த மொழியிலும் பதில் சொல்லலாம். சேதி சொல்ல ஓடினேன். காய்ச்சலோடு படுத்திருந்த மீனாச்சி, "கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தானே அது? என்னைத் திரும்பவும் வகுப்பில் உட்கார வைப்பீர்களா, சிக்கு?" என்று மலாயில் கேலி செய்தார். நானும் சிரித்துவைத்தேன். 

அவர் எடுத்த என் படம் வீட்டில் இருக்கிறது. அதைவிட என்னோடு ஒட்டிக்கொண்டது அந்தச் சொல். வகுப்பில் 'முதலில்' என்று தொடங்கும்போதெல்லாம் நாக்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது. முதலில் என்ன செய்வாய் என்று அவரைக் கேட்டோம். முதலில் செய்ய வேண்டியவர்கள் நாங்கள்.